அடுப்பங்கரை ஆராய்ச்சி

எங்கள் வீட்டுப் பழைய காஸ் அடுப்புக்கு மூன்று வாய்கள் இருந்தன. மூன்றுக்கும் மூன்று குணம். இடது பக்கத்து வாய் பரம சாது. சொன்னதைச் சொன்னபடி கேட்கும். வலது பக்கத்து வாய் முன்கோபி. திருகைத் தொட்டதுமே 'குப்'பென்று சீறிக் கிளம்பும். நடுவே இருந்த சின்ன வாய்க்கு எப்போதும் மந்தம். காலையில் பால் காய்ச்சுவதற்கென்றே அதை ஒதுக்கி வைத்திருந்தாள் என் மனைவி.

அந்த அடுப்பில் சமைத்ததைப் பதினைந்து வருஷம் சாப்பிட்டவன் நான். ஆனாலும் இந்தக் குண விசேஷங்கள் ஒன்றும் எனக்கு நெடுநாள் வரையில் தெரியாது. நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களுடைய குணத்தை ஆராயவே பொழுது போதவில்லை; அடுப்பின் குணத்தை யார் ஆராய்ந்துகொண்டிருப்பது? நான் அதைக் கவனிக்க ஆரம்பித்தது 2019-ம் வருஷத்தில். அதுவும் நானாகக் கவனிக்கவில்லை. கவனிக்க வைக்கப்பட்டேன்.

"என்னங்க, நடு அடுப்பு மஞ்சளா எரியுது. பாத்திரம் எல்லாம் அடி கறுத்துப் போகுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள் ஒரு நாள்.

அப்போது நான் ஒரு தொடர்கதையின் 18-வது அத்தியாயத்தில் கதாநாயகியின் தகப்பனாரைச் சாகடிப்பதா, இன்னும் நாலு வாரம் உயிரோடு வைத்திருப்பதா என்ற தர்மசங்கடத்தில் இருந்தேன்.

"மஞ்சள் மங்களகரந்தானே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நாலு நாள் கழித்துப் பால் பாத்திரத்தைக் கொண்டுவந்து என் மேஜையின்மேல், அதுவும் 18-வது அத்தியாயத்தின்மேல், 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தால் தகப்பனார் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கரி முத்திரை. அவருடைய தலைவிதி அப்படி நிச்சயமாயிற்று.

எழுந்து போய்ப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் வாஸ்தவம். ஏனென்றால், நான் பம்ப் ஸ்டவ் காலத்துப் பிள்ளை.

பம்ப் ஸ்டவ்வைப் பார்த்திராத இளம் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை: பித்தளை வயிற்றில் மண்ணெண்ணெய், பக்கத்தில் ஒரு பம்ப், உச்சியில் ஊசிமுனை அளவு துவாரமுள்ள ஒரு நிப்பிள். 1892-ல் ஸ்வீடன் தேசத்தில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் கண்டுபிடித்த சாமான் அது. எங்கள் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது. சாயங்காலத்தில் நாலு வீட்டு ஸ்டவ் ஒன்றாகச் சீறினால் ரயில் வருகிறதோ என்று தோன்றும். நிப்பிள் அடைத்துக்கொண்டால், தகரப் பட்டையில் மெல்லிய கம்பி வைத்த 'பின்' என்ற ஒன்றால் குத்துவார்கள். அந்தப் பின் வேண்டும்போது ஒரு நாளும் கிடைக்காது. "டேய், பின்னைப் பார்த்தாயா?" என்பதுதான் என் குழந்தைப் பருவத்தில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி.

ஆகவே, காஸ் அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் நிப்பிளைத் தேடிப் பிடித்தேன். இதில் அதற்கு ஜெட் என்று பெயர். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நல்ல ஊசியாக எடுத்து, குழந்தைப் பருவத்து ஞாபகங்களோடு நாலு குத்துக் குத்தினேன். அடுப்பை நிமிர்த்திப் பற்றவைத்தேன்.

சுடர் ஒரு சாண் உயரத்துக்குக் கிளம்பிற்று. அத்தனையும் மஞ்சள்.

"பேஷ், இனிமே இதுல ஹோமமே வளர்க்கலாம்" என்றாள் மனைவி.

மறுநாள் ரிப்பேர்க்காரர் வந்தார். வயசானவர். ஜெட்டைக் கழற்றி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊசி போட்டீங்களா, சார்?"

நான் விழித்தேன்.

"அம்மா போட்டிருக்க மாட்டாங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பதினைந்து நிமிஷத்தில் அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். ஜெட்டின் துவாரம் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவு. அதை அளவெடுத்துத்தான் துளைத்திருக்கிறார்கள். அதிலிருந்து காஸ் பீறிட்டுப் பாய்கிற வேகத்திலேயே பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். காஸும் காற்றும் கலந்த பிறகுதான் பர்னருக்கு வரும். ஒரு பங்கு காஸ் முழுவதும் எரிய 24 முதல் 31 பங்கு வரை காற்று வேண்டும். துவாரத்தை ஊசியால் அகலப்படுத்தினால் காஸ் அதிகமாக வரும். காற்று அதற்கு ஈடுகொடுக்காது. பசியெடுத்த சுடர் மஞ்சளாகிவிடும்.

ஆதியில் இருந்த கோளாறு ஜெட்டிலேயே இல்லை. காஸும் காற்றும் கலக்கிற குழாய்க்குள் ஓர் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தது. அதற்கும் மேலே பித்தளை மூடியின் துவாரங்களில் பாதியைப் பொங்கி வழிந்த பால் அடைத்துக் காய்ந்துபோயிருந்தது. குழாயை ஒரு பிரஷ்ஷால் குடைந்தார். மூடியை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தார். நான் கெடுத்த ஜெட்டுக்குப் பதிலாகப் புது ஜெட் போட்டார். அதன் விலை ஒரு ஹோட்டல் காப்பியின் விலைதான். என் ஞானத்தின் விலையும் அவ்வளவே என்று மனைவி அபிப்பிராயப்பட்டாள்.

ஜெட்டை ஒருநாளும் குத்தாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறொன்றும் ஞாபகம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. மூடியின் துவாரங்களை ஈர்க்குச்சியாலோ ஊக்காலோ தாராளமாகச் சுத்தம் செய்யலாம். ஆனால் நன்றாகக் காயவிட்டு, அதன் இடத்தில் சரியாகப் பொருந்தும்படி வைக்க வேண்டும். சற்றே சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் எரியும். இல்லாவிட்டால் 'டப்'பென்று உள்ளுக்குள்ளேயே வெடித்து அணையும்.

அன்றைக்கு ஆராய்ச்சியில் எனக்கு ஒரு ருசி ஏற்பட்டது. மஞ்சள் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று தேடினேன். லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற மேதை 1860-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து, ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி மாத்திரம் ஆறு பிரசங்கம் செய்தார். மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளி என்பது எரியாமல் தங்கிவிட்ட கரித் துகள்கள் சூடேறிப் பிரகாசிப்பதுதான் என்று அவர் காட்டினார். அந்தத் துகள்கள்தாம் என் 18-வது அத்தியாயத்தில் வட்டமாகப் படிந்தவை. விளக்குக்கு மஞ்சள் வேண்டும். அடுப்புக்கு நீலந்தான் வேண்டும். மஞ்சளாக எரிகிற அடுப்பு கரியை மட்டும் கக்குவதில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவையும் கக்கும். ஜன்னலைச் சாத்திய சின்ன அறையில் அது ஆளையே கொல்லும்.

நீலச் சுடருக்கு வழி செய்தவர் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துப் புன்ஸன். 1855-ல் தம் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய பர்னரை, அடியில் காற்றுப் புகத் துவாரம் வைத்துச் செய்வித்தார். அடுப்பங்கரையில் நாம் நித்தியம் ஏற்றுவது அவருடைய பர்னரின் பேரப்பிள்ளையைத்தான். இதை நான் சற்றுக் கர்வத்தோடு மனைவியிடம் விஸ்தரித்துக்கொண்டிருந்தபோது, சாது அடுப்பில் திடீரென்று மஞ்சள் பொறி பறந்தது.

"பார், பார்! இதற்கும் பூச்சி பிடித்துவிட்டது!" என்று கத்தினேன்.

"அது பூச்சி இல்லைங்க. சோத்துக் கஞ்சி வழிஞ்சிருக்கு. உப்புத் தண்ணி பட்டா அப்படித்தான் பொரியும். தானா அடங்கிடும்" என்றாள். அடங்கிவிட்டது.

புன்ஸனும் அவருடைய சிநேகிதர் கிர்க்காஃபும் சேர்ந்து, சுடரில் தெரியும் நிறத்தைக் கொண்டே மூலப்பொருளை அடையாளம் கண்டுபிடிக்கும் வித்தையை 1860-ம் வருஷ வாக்கில் நிலைநாட்டினார்கள். உப்பிலுள்ள சோடியத்துக்கு மஞ்சள். பசியினால் வந்த மஞ்சளுக்கும் உப்பினால் வந்த மஞ்சளுக்கும் உள்ள பேதம் என் மனைவிக்கு ஹைடல்பர்க் போகாமலே தெரிந்திருந்தது. அவர்கள் சீசியம் என்ற புது உலோகத்தையே கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார்கள். இவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு பாத்திரம் தேய்க்கும் பிரஷ்.

அதற்குப் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "அடுப்பு சத்தம் மாறுதே" என்பாள். போய்ப் பார்த்தால் ரப்பர் குழாய் ஸிலிண்டருக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். ஸிலிண்டர் தீரப் போகிறதா என்பதற்கு ஈரத் துணியால் அதன் உடம்பைத் துடைத்துவிட்டுப் பார்ப்பாள். உள்ளே திரவம் இருக்கும் மட்டும் ஈரம் மெள்ளக் காயும். மேலே காலியான பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்ததற்கும் காயாததற்கும் நடுவில் கோடு போட்டாற்போல் தெரியும். சில வீடுகளில் தீரும் சமயத்தில் ஸிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள், வெந்நீரில் நிறுத்துகிறார்கள். அப்படிப் படுக்கவைத்தால் வாயு வரவேண்டிய குழாயில் திரவமே வந்துவிடும். திரவம் வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

லைட்டர் சமாசாரமும் ஒன்று உண்டு. 'டிக் டிக்' என்று அடித்தால் பொறி பறக்கிற அந்தக் கைக்கோலுக்குள் எண்ணெயும் இல்லை, பாட்டரியும் இல்லை. சில ஸ்படிகங்களை நசுக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று பியேர் கியூரியும் அவருடைய தமையன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டார்கள். அதுதான் உள்ளே இருக்கிறது. நுனி ஈரமானால் பொறி வராது. துடைத்து வெயிலில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். பொறி வரவில்லையே என்று காஸைத் திறந்து விட்டுவிட்டு 'டிக் டிக்' கென்று தாளம் போடுவதுதான் ஆபத்து. மூடிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

ஓவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண் வேறு ஊருக்குக் குடிபோனபோது தன் மின்சார ஓவனை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பேத்தி லீவுக்கு வந்தால் அதில் கேக் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மேலே தீய்ந்து, நடுவில் கூழாக, ஒரு பக்கம் மட்டும் எழும்பி, ஊட்டி மலையின் குறுக்குவெட்டுப் படம்போல் ஒரு கேக் வந்தது. "தாத்தா, இது கேக்கா?" என்று குழந்தை கேட்டது. ஓவன்காரர்களுடைய முள் காட்டுகிற உஷ்ணம் வேறு, உள்ளே இருக்கிற உஷ்ணம் வேறு. இதைச் சோதிக்கச் சர்க்கரையே போதும். சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். முள்ளை 175-ல் வைத்து ஒரு கிண்ணத்தில் சர்க்கரையைக் கால் மணி நேரம் உள்ளே வைத்தால் அது உருகக் கூடாது. எங்கள் சர்க்கரை செம்பழுப்பாகக் குளம் கட்டிவிட்டது. அன்றிலிருந்து புத்தகத்தில் 180 என்றிருந்தால் நாங்கள் 160-ல் வைக்கிறோம். தட்டை மேல் கம்பிக்கு அருகே வைக்காமல் நடுவில் வைக்கிறோம். வெந்துவிட்டதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறப்பதையும் விட்டுவிட்டோம். ஓவனைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

இத்தனை நேரம் கண்ணையும் காதையும் பற்றியே எழுதிக்கொண்டு வந்தேன். மூக்கைப் பற்றிச் சொல்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

சமையல் காஸுக்குச் சுயமாக வாசனை கிடையாது. அழுகின முட்டைக்கோஸைப் போல் நாம் முகர்கிற அந்த நாற்றம், எதைல் மெர்காப்டன் என்ற சரக்கைச் சிறிதளவு கலப்பதால் வருவது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கக் கூடிய கலவையாகிவிடும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்வதற்குள்ளேயே மனித மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்று கணக்கிட்டுக் கலக்கிறார்கள். நாற்றத்தை விலை கொடுத்துச் சேர்க்கிறார்களே என்று நினைக்கலாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 1937-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி வாசனையற்ற இயற்கை வாயு தரைக்கு அடியில் கசிந்து நிரம்பியிருந்தது. ஒருவர் மூக்குக்கும் தெரியவில்லை. தொழில் வகுப்பில் ஓர் ஆசிரியர் மின்சார யந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். சுமார் 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே வாயுவில் நாற்றம் கலந்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்தார்கள்.

ஆக, ஸிலிண்டர் என்ன, ரெகுலேட்டர் என்ன, எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசிக் காவல்காரன் வீட்டிலுள்ளவர்களின் மூக்குத்தான். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என் மனைவியுடையது. சாம்பார் கொதிக்கிற வாசனையிலேயே, வாயில் வைக்காமல், "உப்புக் குறைச்சல்" என்பாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே, கீழே கடுகு கருகுவது தெரிந்துவிடும்.

2021-ம் வருஷம் மே மாதத்தில் ஊரெல்லாம் கொரோனா ஜுரம் அடித்தபோது எங்கள் இருவருக்கும் வந்தது. பிழைத்தோம். ஜுரம் விட்ட பிறகு ஒரு நாள் காலையில் காப்பியை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள்.

"இதில ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

எனக்கும் சில நாள் அப்படித்தான் இருந்தது. ஒரு மாதத்தில் மீண்டுவிட்டது. அவளுக்கு மீளவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. புரட்டாசியில் ஏதோ வந்தது. வந்ததும் கோணலாக வந்தது. காப்பி ரப்பர் எரிகிறாற்போல் இருக்கிறது என்றாள். வெங்காயம் வதங்கினால் அடுப்பங்கரையை விட்டே வெளியே போய்விடுவாள். மற்றபடி ஒன்றுமில்லை. சாம்பாரை என்னிடம் கொண்டுவந்து, "உப்பு சரியா இருக்கா பாருங்க" என்று முதல் தடவை கேட்டபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சாம்பாரைத்தான் பார்த்தேன்.

டிசம்பர் வந்தது. மார்கழி பிறந்து நாலைந்து நாள். விடியற்காலையில் பாலை நடு அடுப்பில் சின்னதாக வைத்துவிட்டு அவள் வாசலில் கோலம் போடப் போயிருந்தாள். நான் உலாவக் கிளம்பினேன். அடுப்பங்கரையைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுப்பில் பால் இருந்ததைப் பார்த்தேன். விளிம்பு வரை ஏறி நுரை கட்டியிருந்ததையும் பார்த்தேன். பால் என் இலாகா அல்ல. போய்விட்டேன்.

தெரு முனைக்குப் போன பிறகு மப்ளரை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. சென்னைக் குளிருக்கு மப்ளர் எதற்கு என்று என் நண்பர்கள் பரிகாசம் செய்வதுண்டு. பரிகாசம் செய்யட்டும். திரும்பி வந்தேன். வாசலில் கோலம் முடிந்திருந்தது. கதவைத் திறந்ததும் மூக்கில் அந்த நாற்றம் அறைந்தது.

பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருக்கிறது. கோலத்தை முடித்துவிட்டு உள்ளே வந்தவள், அடுப்பு எரியாததைப் பார்த்து, போகிற போக்கில் நான்தான் அணைத்துவிட்டுப் போனேன் என்று எண்ணியிருக்கிறாள். யாரும் எண்ணக் கூடியதுதான். குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தோம். எங்கள் வீட்டில் ஸ்வாமி படங்கள் இருப்பது அடுப்பங்கரை மூலையில். குத்துவிளக்கு தரையில் ஒரு பலகைமேல் இருக்கும். காஸ் காற்றைவிடக் கனமானது; மேலே போகாது; தண்ணீர் மாதிரி தரையில்தான் படரும்.

அவள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, திரியை நிமிண்டிவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்திருந்தாள்.

கத்த வேண்டும் என்று நினைத்தேன், குரல் வரவில்லை. பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். தீப்பெட்டி விழுந்து குச்சிகள் இறைந்தன. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "காஸ்" என்றேன். உடனே, நாற்றம் போக வேண்டுமே என்று, சுவரில் இருந்த விசிறியின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

"சுவிட்சைத் தொடாதீங்க!"

அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. கை நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. எரிகிற விளக்கை எரியவிட வேண்டும். எரியாததை எரியவிடக் கூடாது. மூக்கு இருந்த எனக்கு இது தெரியாது. மூக்கு இல்லாத அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளே எழுந்து திருகை மூடினாள், ரெகுலேட்டரை மூடினாள். "ஜன்னலைத் திறங்க. பின்கதவையும்" என்றாள். திறந்தேன்.

இருவரும் போய் வாசற்படியில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் இருக்கும். பால்காரன் போனான். எதிர் வீட்டு அம்மாள், "என்ன மாமி, காலங்கார்த்தால ரெண்டு பேரும் வாசல்ல?" என்று கேட்டாள். "சும்மாத்தான், காத்தாட" என்றாள் என் மனைவி. மார்கழியில் காற்றாட!

"சுவிட்ச் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"காஸ் கொடுத்த அன்னிக்கு ஒரு காகிதம் கொடுத்தாங்க. அதுல போட்டிருந்தது. நீங்க அதைத்தான் உங்க டிக்ஷனரிக்கு அட்டை போட்டீங்க."

கொஞ்ச நேரம் கழித்து, கோலத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

பிறகு, "போறப்போ பாலைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்" என்றேன்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அந்த வாரமே பழைய அடுப்பைக் கொடுத்துவிட்டோம். சாதுவும் முன்கோபியும் மந்தமும் ஒரு பழைய சாமான்காரருடைய தள்ளுவண்டியில் ஏறிப் போயின. புதிதாக வாங்கினதில், பர்னருக்குப் பக்கத்தில் பென்சில் நுனிபோல் ஒரு சின்னக் கம்பி நிற்கிறது. இரண்டு வேறு உலோகங்களை இணைத்துச் சூடாக்கினால் துளி மின்சாரம் உண்டாகும். அந்தத் துளிதான் உள்ளே காஸின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. சுடர் அணைந்தால் கம்பி ஆறும். கதவு தானே சாத்திக்கொள்ளும். நம் ஊரில் விற்கிற மேஜை அடுப்புகள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை வாங்கினவர்கள் எல்லாரும் முதல் வாரம் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பற்றிக்கொள்கிறது, கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது." கோளாறு ஒன்றுமில்லை. கம்பி சூடேறும் வரையில் நாலைந்து விநாடி திருகை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் மறுபடி அப்படியே செய்தால், கம்பியின் நுனியில் கரியோ பாலோ படிந்திருக்கிறது என்று அர்த்தம். துணியால் துடைத்தால் போதும்.

காஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றும் வாங்கி மாட்டினோம். முதலில் மாட்ட வந்த பையன் அதைக் கூரைக்கு அருகில் மாட்டப் போனான். என் மனைவிதான், "தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல மாட்டுப்பா" என்றாள். அது நல்ல ரோஷமுள்ள கருவி. கைக்குப் பூசும் மருந்துச் சாராயம் பட்டாலும் கத்துகிறது. கத்தினால் ஓடிப்போய்ப் பார்க்கிறோம்.

அடுப்பங்கரையில் இப்போது எனக்கும் சில பொறுப்புகள் உண்டு. ஆரஞ்சு நிற ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றவேண்டிய தேதியை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஸிலிண்டரின் கழுத்துத் தகட்டில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் போட்டிருக்கும்: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் கெடு தாண்டின ஸிலிண்டரை வாங்குவதில்லை. மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். நெருப்புக் குச்சியைக் காட்டிப் பார்க்கும் வீரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் 1906 என்ற அவசர டெலிபோன் எண்ணை வைத்திருக்கிறார்கள். ஸிலிண்டர் வந்தால் அதன் வாயில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலையை மட்டும் மனைவி எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம் வந்ததில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்தது. "வாஷர் போயிருக்கு, தம்பி. மாத்திட்டுப் போ" என்றாள். பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு வாஷரை எடுத்து மாற்றினான்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் ஹும்மல் என்பவர், மூக்கிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2009-ல் எழுதியிருக்கிறார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் என்ற நாலு வாசனைகளைக் காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் சிரத்தையாக முகர வேண்டும். பன்னிரண்டு வாரம் செய்யவேண்டும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, சிலருக்குக் கொஞ்சம் திரும்புகிறது. எங்கள் அலமாரியில் நாலு சின்ன சீசாக்கள் இருக்கின்றன. பன்னிரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது; அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். நான் ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுவேன். கிராம்பை மட்டும் சில நாள் சரியாகச் சொல்கிறாள். சில நாள் யூக்கலிப்டஸையும் கிராம்பு என்கிறாள். "சரிதான்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து சீசாவைப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லாதீங்க. பொய் சொன்னா அப்புறம் எதை நம்பறது?" என்றாள்.

ராத்திரி படுக்கப் போகுமுன் நான் அடுப்பங்கரைக்குப் போய், தரைக்குக் குனிந்து, நாலு மூலையிலும் முகர்ந்துவிட்டு வருகிறேன். முதுகு வலிக்கிறது, ஆனாலும் குனிகிறேன். படுக்கையிலிருந்து குரல் வரும்.

"என்ன?"

"ஒன்றுமில்லை."

"ரெகுலேட்டர்?"

"மூடியிருக்கிறது."

"பால் பாத்திரத்தை மூடினீங்களா?"

நான் மறுபடி எழுந்து போகிறேன்.